ராசாத்தியை மீட்கப் போனேன்

கைப்பேசியில் சண்டை போடுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. எதிராளிக்கு முகம் இருக்காது. முகம் இல்லாதவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டியதில்லை. நம் குரல் நமக்கே இனிமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும். இந்த உலகத்தில் மனசாட்சியோடு மிச்சமிருப்பது நாம் ஒருவர்தான் என்று சாயங்காலத்துக்குள் நம்பிவிடலாம்.

நான் அப்படி நம்பிக்கொண்டிருந்தபோது நாமக்கல்லில் மூன்றாவது மாடி ஃப்ளாட் ஒன்றில் குடியிருந்தேன். (இப்போதும் அதே ஃப்ளாட்தான். நம்பிக்கைதான் காலி செய்துகொண்டு போய்விட்டது.) நாய்ப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் முன்வரிசைப் போராளி. எனக்கென்று ஒரு நாய் கிடையாது. தெருமுனை நாய்க்கு எப்போதாவது பிஸ்கட் போட்டு, அதைப் படம் எடுத்துக் குழுவில் போடுவேன். (பிஸ்கட் போடுவதைவிடப் படம் எடுக்கத்தான் நேரம் ஆகும். அந்த நாய் பொறுமைசாலி.) என் கொள்கை எளிமையானது. தெருவில் இத்தனை நாய்கள் வீடில்லாமல் கிடக்கும்போது, நாயை இணைசேர்த்துக் குட்டி போடவைத்து விற்கிறவர்கள் எல்லோரும் கொலைகாரர்கள். 'எல்லோரும்' என்பதைத் தடித்த எழுத்தில் போடுவேன்.

அந்தக் குழுவில் தங்கராசு என்று ஒருவர் இருந்தார். கொல்லிமலையில் குண்டனி நாடு என்கிற பகுதிக்காரர். மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கும் விவசாயி. கூடவே ராஜபாளையம் இன வெள்ளை நாய்களை வளர்த்துக் குட்டி கொடுக்கிறவர். அவரை 'தாய்மையை விற்றுத் தின்கிறவர்' என்று நான் ஒரு குரல்பதிவு போட்டேன். அதற்கு அவர் எழுதிய பதில்: "வணக்கமுங்க அம்மிணி. சாப்பிட்டீங்களா? ஒருக்கா மலைக்கு வந்து பாத்துட்டு அப்பறம் வையுங்க."

திட்டினால் திருப்பித் திட்டலாம். சாப்பிட்டீங்களா என்று கேட்கிறவரை என்ன செய்வது? எரிச்சலில் அவருடைய முகப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் இல்லை. வெறும் பனிமூட்டம். உற்றுப் பார்த்தால் மூட்டத்துக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் மட்டும் தெரிந்தன. உடம்பு இல்லை.

"இந்த ஆள் எதையோ மறைக்கறான்," என்றேன் என் கணவர் மோகனிடம்.

"மறைக்கறது மேகம். அவரு என்ன பண்ணுவாரு?" என்றார் அவர்.

மறுநாளே திட்டம் போட்டேன். நாய் வாங்குகிற மாதிரிப் போக வேண்டும். அதுவும் உலகத்திலேயே மோசமான ஆளாக நடித்துக் கேட்க வேண்டும். யாருக்கு வேண்டுமானாலும் விற்கிறவன்தான் என்று நிரூபித்துவிட்டு, பின்பக்கம் போய் அங்கே நடக்கிற கொடுமையைப் படம் எடுத்து வர வேண்டும். மோகனிடம் சொன்னபோது, "நான் யாரா நடிக்கணும்?" என்று கேட்டார். "நீங்க நீங்களாவே இருங்க, போதும்," என்றேன். அன்று முழுக்க அதையே நினைத்து வருத்தமாக இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கிளம்பினோம். காளப்பநாயக்கன்பட்டியில் வெயில் மண்டையைப் பிளந்தது. காரவள்ளி தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் நான் பணக்காரத்தனமாகக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வசனம் பழகினேன். கொஞ்ச நேரத்தில் வசனத்தை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் பையைத் தேட வேண்டியதாயிற்று. (கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கொள்கை வேறுபாடெல்லாம் தெரியாது.) பாதி மலைக்கு மேல் மேகம் சாலைக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் கைப்பேசி சிக்னலில் ஒரு கோடு குறைந்தது. கடைசிக் கோடும் போனபோது கீழே இருந்த உலகமும் வண்டிக் கண்ணாடியில் இல்லை. முன்னால் கொஞ்சம் தார்ச்சாலை, பின்னால் கொஞ்சம் தார்ச்சாலை, நடுவில் நாங்கள். அவ்வளவுதான் மிச்சம்.

நாய் பார்க்க வருவதாக மோகன் தன் கைப்பேசியிலிருந்து முன்பே சொல்லியிருந்ததால், தங்கராசு தார்ச்சாலை முடிகிற இடத்தில் வந்து நின்றிருந்தார். மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் குடைதான் வந்தது, அப்புறம் ஆள். ஐம்பது வயதிருக்கும். விறைப்பான மனிதர். சிரிப்பதற்கு முன் யோசிக்கிற முகம். "வாங்க, பாத்து வாங்க," என்று முன்னால் நடந்தார். மூன்றடி முன்னால் போனவர் காணாமல் போனார்; செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் பின்தொடர்ந்தோம். இரண்டு பக்கமும் மிளகுக் கொடி சுற்றிய மரங்கள். மூட்டத்தில் பார்க்கும்போது யார் யாரோ போர்த்திக்கொண்டு வரிசையாக நிற்கிற மாதிரி இருந்தது. எங்கும் சொட்டுச் சொட்டென்று நீர் விழும் சத்தம்.

வீட்டை நெருங்கியபோது ஒன்று உறைத்தது. நாய் வளர்க்கிற வீடு. அந்நியர் இரண்டு பேர் வாசல்வரை வந்தாயிற்று. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

"பாத்தீங்களா, ஏதோ பண்ணி வெச்சிருக்கான்," என்று மோகன் காதில் கிசுகிசுத்தேன். மோகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். (எனக்குத் தைரியம் சொல்லத்தான் பிடித்ததாகப் பிறகு சொன்னார். கை வேர்த்திருந்தது.)

உள்ளே உட்கார வைத்ததும் விசாரணை ஆரம்பித்தது. நான் அவரை விசாரிக்கப் போனேன். அவர்தான் என்னை விசாரித்தார்.

"எதுக்குங்க நாய் வேணும்?"

"எங்க ஹால்ல வெள்ளை சோபா போட்டிருக்கோம். அதுக்குப் பொருத்தமா சுத்த வெள்ளையா ஒண்ணு வேணும்."

"ஊட்டச் சுத்தி எடம் இருக்குதுங்களா?"

"மூணாவது மாடி. பால்கனி இருக்கு. அங்க கட்டிப் போட்டுருவோம்."

"பகல்ல ஆரு பாத்துக்குவாங்க?"

"ரெண்டு பேரும் ஆபீஸ் போயிருவோம். சாயங்காலம் வந்துதான் சாப்பாடு. அப்புறம், குரைக்கவே கூடாது. பக்கத்து வீட்ல சண்டைக்கு வருவாங்க. பொட்டையா இருந்தா நல்லது. அடிக்கடி குட்டி போட்டா சொந்தக்காரங்களுக்குக் குடுக்கலாம்."

மோகன் எதிரே மாட்டியிருந்த காலண்டரில் ராகுகாலம் பார்க்க ஆரம்பித்தார். தங்கராசு மெதுவாகச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அம்மிணி. உங்களுக்கு நாய் குடுக்க முடியாதுங்க."

இந்த இடத்தில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். யாருக்கு வேண்டுமானாலும் விற்கிறவர் இல்லை என்று தெரிந்துவிட்டது. வணக்கம் சொல்லி எழுந்து வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் 'உங்களுக்குக் குடுக்க முடியாது' என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நடிக்க வந்தவள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"ஏன் முடியாது? எனக்கென்ன குறைச்சல்? நான் எவ்வளவு நல்லா வளர்ப்பேன் தெரியுமா?"

"இப்பத்தானுங்க பால்கனியில கட்டுவேன்னீங்க."

"அது சும்மா சொன்னேன்!"

"நாய் வளக்கறதச் சும்மா சொல்றவங்களுக்கும் குடுக்கறதில்லீங்க."

"நீங்க என்ன பெரிய... பொண்ணு குடுக்கற மாதிரிப் பேசறீங்க?"

"பொண்ணு கோவிச்சுட்டுத் திரும்பி வந்துருமுங்க. நாய்க்கு வழி தெரியாது," என்றார் அவர். எழுந்துகொண்டார். "டீ குடிச்சுட்டுத்தான் போகோணும். நாய்தான் குடுக்க மாட்டேன். டீ குடுப்பேன்." அப்படியே வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

அவமானத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. இனி கொடுமையைக் கண்டுபிடிக்காமல் இறங்குவதில்லை என்று முடிவு செய்து, கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "கவி, வேண்டாம்," என்று மோகன் சொன்னது பின்னால் கேட்டது. இரண்டடி வைத்துத் திரும்பினேன். மோகன் இல்லை. வாசல் இல்லை. வீடே இல்லை. வெள்ளை மட்டும் இருந்தது.

சுவரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனேன். கம்பிவேலி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. வேலியின் படல் திறந்திருந்தது. உள்ளே போனதும் மூட்டம் ஒருமுறை கலைந்து கூடியது. அந்த ஒரு கணத்தில் பார்த்தேன். நாலைந்து பெரிய வெள்ளை நாய்கள். நெட்டுக்கால், ஒட்டிய வயிறு, இளஞ்சிவப்பு மூக்கு. ஒன்றுக்கொன்று விலகி, ஆளுக்கொரு திசை பார்த்து, அசையாமல் நின்றன. மூட்டத்தையே வெட்டி நிறுத்தி வைத்த மாதிரி.

"ச்சு... ச்சு..." என்றேன். ஒன்றும் திரும்பவில்லை.

கையைத் தட்டினேன். ஒரு காது அசையவில்லை.

"டேய்!" என்று அதட்டினேன். என் குரல் மூட்டத்துக்குள் போய் அப்படியே அமுங்கிப்போனது. இந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்பதே அவற்றுக்குத் தெரியவில்லை. இல்லை, நான்தான் இல்லையோ? சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் என் கையை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

பின்வாங்கும்போது தரையில் கிடந்த பலகையை மிதித்துவிட்டேன். பலகை அதிர்ந்தது. உடனே அத்தனை நாய்களும் ஒன்றாகத் திரும்பின. அத்தனை மஞ்சள் கண்களும் என் மேல். குரைப்பில்லை, உறுமல் இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றன. மூட்டம் மறுபடி மூடியது.

மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று என் மூளை சொன்னது. ஓடு என்று கால் சொன்னது. எந்தப் பக்கம் ஓடுவது என்று இரண்டுமே சொல்லவில்லை. கை நீட்டித் துழாவிக்கொண்டு போனதில் ஒரு கொட்டகைச் சுவரில் முட்டினேன். உள்ளே பேச்சுக்குரல். ஒன்று தங்கராசு. இன்னொன்று பெண்குரல்.

"ராசாத்திய இன்னொருக்கா அனுப்ப எனக்கு மனசு வரலீங்க. போன தடவயே செத்துப் பொழச்சா."

"இந்த ஒருக்கா மட்டும் பொன்னி. காரவள்ளிக்காரரு வளக்கற பையன் நல்ல ஒடம்பு, நல்ல நெறம். அவரும் கேட்டுட்டே இருக்காரு."

"நெறம் நெறம்னு பாத்துத்தானுங்க பொறந்ததுல பாதி இப்பிடி ஆச்சு. அவ சம்மதத்தக் கேட்டா அனுப்பறம்?"

"கேட்டாச் சொல்லுவாளா?"

"சொல்ல மாட்டா. சொல்ல வாயில்லங்கறதுக்காக?"

நாய் விஷயமே எனக்கு மறந்துவிட்டது. பேசத் தெரியாத ஒரு பெண்ணை அடைத்து வைத்து, யாருக்கோ அனுப்பப் போகிறார்கள்! குழுவைத் திறந்து, ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தேன். "நான் கொல்லிமலையிலிருந்து பேசறேன். தங்கராசு வீட்டுப் பின்னாடி கொட்டகையில ஒரு பொண்ண அடைச்சு வெச்சிருக்காங்க. பேரு ராசாத்தி. அவ சம்மதம் இல்லாம யாருக்கோ அனுப்பப் போறாங்க. நான் திரும்பி வரலைன்னா..."

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து அந்தப் பெண்குரல், மிக மெதுவாக, மிக அன்பாக வந்தது. "உள்ள வா கண்ணு. பனியில நிக்காத."

அந்த அன்புதான் எனக்கு முதுகைச் சில்லிட வைத்தது. அந்த அபலையை எங்கேயோ அழைக்கிறாள்! மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து, தொங்கிக்கொண்டிருந்த என் இடது உள்ளங்கையில், ஜில்லென்று, ஈரமாக, உயிருள்ள ஏதோ ஒன்று வந்து பதிந்தது.

நான் அலறிய அலறலுக்குக் காரவள்ளிவரை மலை எதிரொலித்திருக்க வேண்டும். பொத்தானைப் பிடித்திருந்த விரல் விட்டுப்போனது. கால் வழுக்கியது. கொட்டகைக் கதவு பழசு. நான் அதோடு சேர்ந்து உள்ளே போய் விழுந்தேன். என் கையை மோந்து பார்த்த வெள்ளை நாய் வாசலில் நின்று, அலறல் ஒன்று நடந்ததே தெரியாத மாதிரி சாந்தமாக எட்டிப் பார்த்தது.

விழுந்த இடத்தில் வைக்கோல். கறுப்புக் கண்ணாடி ஒரு பக்கம் தொங்க, கதவின் மேல் குப்புறக் கிடந்தபடியே கத்தினேன். "ராசாத்திய விட்டுருங்க! போலீஸ் வந்துட்டிருக்கு!"

வைக்கோல் மேல் படுத்திருந்த ஒரு வெள்ளை நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. தன் பேரைக் கேட்ட மரியாதைக்கு வாலால் இரண்டு தட்டு தட்டியது.

தங்கராசு என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "அட, நீங்கதானுங்களா!" என்றார். "மொதல்ல பேசும்போது தெரியலீங்க. கத்துனீங்க பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுது. குரூப்ல வாற அதே குரலு."

அதன் பிறகு டீ வந்தது. மோகன் எப்படியோ சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்து, நான் யார், ஏன் வந்தேன் என்பதையெல்லாம் கேட்காமலே ஒப்பித்துவிட்டார். (நீங்கள் நீங்களாகவே இருங்கள் என்று சொன்னது என் தவறு.) தங்கராசின் மனைவி பொன்னி என் முழங்கைச் சிராய்ப்பில் மஞ்சள் வைத்துக் கட்டினார். கட்டியபடியே, தோட்டத்து நாய்கள் ஏன் என் சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றும் சொன்னார். "அதுகளுக்குக் காது கேக்காது கண்ணு. எல்லாம் ராசாத்தி பெத்ததுக. சுத்த வெள்ளையாப் பொறக்கறதுல கொஞ்சம் இப்பிடி ஆயிருது. காது கேக்கறத நல்ல ஊடாப் பாத்துக் குடுத்தாச்சு. கேக்காதத ஆருக்கும் குடுக்கறதில்ல. ரோட்ல வண்டி வாறது தெரியாது பாரு. எங்ககூடவே கெடக்குதுக."

நான் குழுவில் 'கொடுமைக்கூடம்' என்று எழுதிய இடம் அதுதான். இருந்தாலும் சும்மா இருக்கவும் முடியவில்லை. முதல்முறையாக, முகத்தைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில் கேட்டேன்.

"கேட்டு வர்றவங்களைத் தெருநாய் எடுத்து வளர்க்கச் சொல்லலாமே?"

"சொல்றனுங்க," என்றார் தங்கராசு. "எப்பவாவது ஒருத்தர் எடுத்துக்குவாங்க. மிச்சப் பேரு? நான் இல்லீன்னா, கூண்டுல அடைச்சு வருசம் முச்சூடும் குட்டி போடவெக்கறவன்கிட்டப் போயி வாங்குவாங்க. என்கிட்ட வந்தா நாலு கேள்வியாவது கேப்பேன். மொதல்ல கேக்காம ஒருத்தருக்குக் குடுத்தேனுங்க. ரெண்டு முழக் கயித்துல கட்டிப் போட்டிருந்தாரு. சண்ட போட்டுத் திருப்பி வாங்கிட்டு வந்தேன். அதுக்கப்பறந்தான் இந்த விசாரணையெல்லாம்."

"மிச்சப் பேரு நாயில்லாம இருக்கட்டும்," என்றார் பொன்னி. "நாயில்லாம ஆரும் செத்ததில்ல. குட்டி போட்டு நாய்தான் சாவுது."

"கால்நடை டாக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்கு வெள்ளை சேத்துனா காது போறது கூடத்தான் செய்யும், கொஞ்சம் நெறமிருக்கற நாயோட சேத்துனாக் கொறையும்னாருங்க. ஆனா கேட்டு வாறவங்க சுத்த வெள்ளைதான் கேக்கறாங்க," என்ற தங்கராசு ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "சோபாவுக்குப் பொருத்தமா," என்று சேர்த்துக்கொண்டார்.

நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன்.

பொன்னி என் பக்கம் திரும்பினார். "நீ குரூப்ல சொல்றதுல பாதி நாஞ் சொல்றதுதான் கண்ணு. ஆனா நான் இவரக் கொலகாரன்னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா அன்னிக்கே எந்திரிச்சுப் போயிருப்பாரு, பேச்சு முடிஞ்சிருக்கும். பேசிட்டே இருக்கறதுனாலதான் நாலு தடவ குட்டி போட வேண்டியவ ரெண்டோட நிக்கறா. மூணாவதுக்குத்தான் இப்ப மல்லுக்கட்டிட்டு இருக்கறம்."

தங்கராசு மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. ராசாத்தியின் காதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கதவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

இங்கே முடிந்திருந்தால் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு செத்திருப்பேன். பாதி மலை இறங்கியதும் மூட்டம் விலகியது. கைப்பேசியில் ஒரு கோடு வந்தது. 'டிங்' என்று ஒரு சத்தம். சிக்னல் இல்லாமல் இத்தனை நேரம் உள்ளேயே கிடந்த என் குரல்பதிவு, அலறலோடு சேர்ந்து, குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

பதறி அழிக்கப் போனேன். ஒற்றைக் கோட்டு சிக்னலில் அது போகத் தெரிந்ததே தவிர அழியத் தெரியவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் செய்திகள் கொட்டத் தொடங்கின. 'அய்யோ என்ன ஆச்சு', 'யார் அந்த ராசாத்தி', 'போலீசுக்குச் சொல்லிவிட்டேன்', 'நானும் சொல்லிவிட்டேன்'. முதல் அழைப்பு என் மாமியார். (நாயைக் கண்டால் நாலு வீடு தள்ளி நடக்கிறவர். உறுப்பினர் எண்ணிக்கைக்காக நானே குழுவில் சேர்த்திருந்தேன்.) "கவிதா, உசிரோட இருக்கறயா? எம் பையன் இருக்கானா?" என்று அழுதார். நான் பதில் சொல்வதற்குள் வளைவு வந்து, கோடு போய், இணைப்பு அறுந்தது. அவர் என்ன நினைத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மோகன் வண்டியைத் திருப்பினார். மறுபடி அத்தனை வளைவுகளும். இந்த முறை பிளாஸ்டிக் பை தேடக்கூட எனக்கு உயிர் இல்லை. அந்த வீட்டு வாசலில் போலீஸ் போய் நிற்பதற்குள் நாங்கள் போய்விட வேண்டும்.

போக முடியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மூட்டம் சாம்பல் நிறமாகியிருந்தது. அதற்குள் அங்கங்கே டார்ச் வெளிச்சம் மங்கலாக மிதந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூடி நின்றிருந்தார்கள். எல்லோரும் தங்கராசைப் பார்த்தார்கள். பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஆளை, இவன் யாரோ என்பதுபோல் பார்க்கும் பார்வை. அன்று மலையில் நான் பார்த்ததிலேயே பயமான காட்சி அதுதான். அதை உண்டாக்கியது என் குரல்.

நடுவில் ஒரு ஏட்டய்யா நின்றுகொண்டிருந்தார். "ராசாத்தி யாருப்பா? கூப்புடு," என்றார்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ராசாத்தி தானே எழுந்து வந்து அவர் பூட்ஸை மோந்து பார்த்தாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், "நான்தான் சார், நான்தான் தப்பாப் பேசினது," என்றேன். எல்லோர் முன்னாலும், நாய் வாங்குகிற மாதிரி நடித்தது, ஒட்டுக்கேட்டது, கதவோடு விழுந்தது எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒருவர், "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க அம்மிணி, பின்னால கேக்கல," என்றார். மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன். டார்ச்சுகள் ஒவ்வொன்றாகத் தங்கராசின் முகத்திலிருந்து என் முகத்துக்கு மாறின. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

ஏட்டய்யா மட்டும் சிரிக்கவில்லை. மலையேறி வந்தவருக்கு வேலையை முடிக்க வேண்டும். "புகார்னு வந்தாக் கேக்கோணும். ராசாத்திய சம்மதம் இல்லாம அனுப்பப் போறதாச் சொல்லியிருக்குது. அனுப்பப் போறீங்களா, இல்லையா?"

இன்னொரு அலை சிரிப்பு எழுந்தது. தங்கராசு வாயைத் திறந்தார். மூடினார். பொன்னியைப் பார்த்தார். பொன்னி சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். சிரிப்பு அடங்கிவிட்டது. எங்கோ சொட்டுச் சொட்டென்று நீர் விழுந்துகொண்டிருந்தது.

"இல்லீங்க," என்றார் தங்கராசு. "இனி அனுப்பறதா இல்லீங்க."

"அப்பச் சரி," என்று ஏட்டய்யா வண்டியைக் கிளப்பினார்.

ராசாத்திக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை நாமக்கல்லில்தான் நடந்தது. தையல் ஆறும்வரை எங்கள் மூன்றாவது மாடியில்தான் இருந்தாள். பொன்னியும் கூடவே இருந்தார். தங்கராசு நிறமுள்ள ஒரு பெட்டையை வைத்து இன்னும் குட்டி கொடுக்கிறார். நான் இன்னும் அது வேண்டாம் என்கிறேன். இருவரும் குழுவில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவர் சாப்பிட்டீங்களா என்று ஆரம்பிப்பார். நானும் இப்போது அப்படித்தான் ஆரம்பிக்கிறேன். எனக்கு நாய் மட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை.

குரல்பதிவை நான் குழுவிலிருந்து ஒருவழியாக அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் என் மாமியார் அதைத் தனியாகச் சேமித்துப் பத்திரப்படுத்திவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்குப் பிறகு அதுதான். என் கிசுகிசுப்பு, பிறகு எங்கோ தூரத்தில் 'உள்ள வா கண்ணு, பனியில நிக்காத', பிறகு அலறல். சின்னப் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு விளக்கில்லாத அறைக்குப் போக மாட்டேன் என்பார்கள். பெரியவர்கள், அது யாரைக் கூப்பிட்ட குரல் என்று கேட்பார்கள். என் பின்னால் நின்ற நாயைத்தான் என்று நான் சொல்வேன். நான் வெளியே நின்றது அப்போது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தையல் பிரிக்கிற அன்று மாமியார் அதைப் பொன்னிக்கும் போட்டுக் காட்டினார். பொன்னி பொறுமையாகக் கேட்டார். நான் வழக்கம்போல், "நாயைத்தானே கூப்பிட்டீங்க?" என்றேன்.

ராசாத்தியின் தலையைத் தடவிக்கொண்டே பொன்னி சொன்னார். "அந்த நாய்க்குத்தான் காதே கேக்காதே கண்ணு."